கல்லு ரெயில் அணையில் ஒரு சூலம்

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலுக்கு அதிக தூரமில்லாத ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இதை ஏதோ எழுத்தாளனின் பவிசு என்று நினைக்க வேண்டாம், நான் கொழும்புத்துறையில் ஆட்டோ ஓடுகிறவன். முழுக்கப் படித்தால் காரணம் விளங்கும். எனக்குச் சுதாகரன் என்ற பெயரே இருக்கட்டும். செல்வநாயகி என் தாயின் தங்கை, எனக்குச் சின்னம்மா.

சின்னம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் ரெயிலைப் பற்றித்தான் தொடங்க வேண்டும். யாழ்தேவியைச் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கதைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது நின்றபோது அழுதார்கள், திரும்ப வந்தபோது மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். நான் சொல்வது கல்லு ரெயிலை. இரண்டரை அடி அகலப் பாதை, ஒரு டீசல் எஞ்சின், பின்னால் பத்துப் பன்னிரண்டு இரும்புப் பெட்டி. கல் கிடங்கில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைச் சீமெந்து ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அதன் வேலை. ஐம்பதுகளில் எங்கள் பனங்காணிகளை ஊடறுத்து அந்தப் பாதையைப் போட்டார்கள். மனிதரை ஏற்றாத ரெயில் என்றபடியால் அதற்குச் சரித்திரம் எழுத ஒருவரும் வரவில்லை. ஸ்ரேசன் இல்லை, ரிக்கற் இல்லை, வழியனுப்ப வந்து கண் கலங்கினவர்களும் இல்லை.

ஆனால் ஊர் முழுக்க அதனோடுதான் வாழ்ந்தது, கொஞ்சம் சண்டை பிடித்தபடியே. கிடங்கில் வெடி வைத்தால் கிணற்றுக்கட்டு வெடிக்கும். காயவிட்ட மிளகாயில் சுண்ணாம்புத் தூள் படியும். பெண்கள் ஆலைக்காரரைத் திட்டிக்கொண்டே ஒடியலுக்குக் கிழித்த பனங்கிழங்கை, பாதைக்கு மண் கொட்டி உயர்த்திய ரெயில் அணையில்தான் காயப்போடுவார்கள், ஊரிலேயே வெயில் நன்றாக விழும் இடம் அதுதான். பாதையோரம் ஒரு வேம்பின் கீழ் வைரவர் இருந்தார். கட்டடம் ஒன்றுமில்லை, ஒரு கல்லும் நட்டுவைத்த ஒரு சூலமும்தான். எஞ்சின் ஓட்டிய எமில்ராஜ் வேதக்காரர், கழுத்தில் சிலுவை போட்டவர். ஆனாலும் அந்த இடத்துக்கு வந்தால் வேகத்தைக் குறைத்து ஒருதரம் ஊதாமல் போகமாட்டார். கேட்டால், "பக்கத்து வீட்டுக்காரரை ஒரு சொல்லுச் சொல்லாமல் தாண்டிப் போறதே?" என்பாராம்.

பாதையின் நடுவில் ஓர் இடத்தில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். கல்லோடு வரும் ரெயிலும் வெறும் பெட்டிகளும் அங்கேதான் ஒன்றையொன்று விலத்திப் போகும். பிரியும் இடத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைந்த ஒரு இரும்புப் பிடி. அதை இழுத்துத் தள்ளிப் பாதையை மாற்றிவிடுவது என் சித்தப்பா இராசநாயகத்தின் வேலை. வீடும் பக்கத்திலேயே. ஒருமுறை நிறுத்தியிருந்த பெட்டி தானாக உருண்டு அவருடைய இடது காலில் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, கோணலாகப் பொருந்திவிட்டது. நொண்டி நொண்டித்தான் நடப்பார். ஆலையில் வேறு வேலை தருகிறோம் என்றார்களாம், அவர் மாட்டேன் என்றுவிட்டார். மனைவி வேலியால் எட்டி ரீ கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு எவன் போவான் என்று சின்னம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறை இருவருக்கும் இருந்தது. அதை ஒருவரையொருவர் குத்திக்காட்டி நான் கேட்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மூண்டது. ஆலை ஏற்கெனவே மூடியாயிற்று, ரெயிலும் நின்றுவிட்டது. சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா தன்னுடைய சைக்கிளை எடுக்கப் பாதையோரத்துக் கொட்டிலுக்குப் போனார். ஷெல் அங்கேதான் விழுந்தது. சின்னம்மா ஓடிப்போனபோது உயிர் இல்லை. அந்த நேரம் அவ்விடத்தால் போனவர் எமில்ராஜ் மட்டும்தான். அவரும் தன் பெண்சாதி பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு ஓடிக்கொண்டிருந்தவர்.

எரிப்பதற்கு விறகு இல்லை, விறகு இருந்தாலும் புகை கிளம்பினால் அடுத்த ஷெல் அதற்குத்தான் வரும். புதைப்பதென்றால் அந்த நிலத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு முழத்துக்குக் கீழே பாறை. கிணறு வெட்டவே வெடி வைக்க வேண்டும். ஊரில் மண்வெட்டி இறங்கக்கூடிய ஒரே இடம் ரெயில் அணை, வெளியிலிருந்து மண் பறித்து உயர்த்தியது. இரண்டு பேருமாக அந்த அணையின் சரிவில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வெட்டினார்கள். சின்னம்மா தன் கையாலேயே மண் தள்ளினார்.

அடையாளத்துக்கு ஏதாவது வேண்டும் என்று எமில்ராஜ் பார்த்தார். ஷெல் பட்டுக் கழன்று கிடந்த அந்த இரும்புப் பிடியைத் தூக்கி வந்து தலைமாட்டில் நட்டார். அவருக்குத் தெரிந்த அடையாளம் சிலுவைதானே. குறுக்கே கட்ட நேரான கம்பி ஒன்றும் அகப்படவில்லை. பெட்டிகளை ஒன்றோடொன்று கொழுவுகிற இரும்பு ஒன்று கிடந்தது, இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்தது. அதை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பிறகு தலையைக் குனிந்து தன்னுடைய செபம் ஒன்றைச் சொல்லி, "தங்கச்சி, இனி நிக்கேலாது, வா" என்று சின்னம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த வருஷம் அவர் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார். அங்கேயே முகாமில் செத்துப்போனார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு அந்த ஊர் பாதுகாப்பு வலயமாயிற்று. முள்ளுக்கம்பிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லு ரெயிலின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குக் கூரையாகப் போயின, ஒரு தரப்பு விட்டதை மற்றத் தரப்பு எடுத்தது. சின்னம்மா முதலில் நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்துக் கொட்டிலில் இருந்தார், அங்கேயே குலை வெட்டிக் கட்டுகிற வேலை செய்தார். தொண்ணூற்றைந்தில் எல்லோரோடும் தென்மராட்சிக்கு ஓடினார், திரும்பி வந்து கொழும்புத்துறையில் எங்கள் வீட்டில் நின்றுவிட்டார்.

சின்னம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பது லேசான காரியமில்லை. மீனில் உப்புக் குறைந்தால் என் மனைவியோடு கதைக்கமாட்டார், கூடினால் என்னோடு கதைக்கமாட்டார். ஆட்டோவில் ஏறினால் எனக்கு ஓட்டச் சொல்லித் தருவார். ஆனால் என் அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் கழுவித் துடைத்தது அவர்தான், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அம்மாவுக்கு நான் கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்று என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மோனை, சித்தப்பாவுக்கும் நீதான் வைக்கவேணும். எங்களுக்குப் பிள்ளை எண்டு வேறை ஆர் இருக்கினம்?"

"ஓம் சின்னம்மா, ஊர் விடட்டும், பாப்பம்."

"பாப்பம் இல்லை. எலும்பை எடுத்து எரிக்கவேணும். சாம்பலைக் கீரிமலைக் கடலிலை கரைக்கவேணும். அதுக்குப் பிறகுதான் மற்றது எல்லாம்."

மற்றது என்று அவர் சொன்னது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் வருஷத் திவசத்தையும். உறவினர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்கள், உடம்பு இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருச் செய்து காரியத்தை முடிக்கலாம், குருக்கள்மார் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள் என்று. சின்னம்மா கேட்கவில்லை. "உடம்பு துலைஞ்ச ஆக்களுக்கு உது சரி. என்ரை மனுசன்ரை உடம்பு எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியுமே! புல்லை வைச்சு ஆரை ஏமாத்தச் சொல்லுறியள்?" என்று கேட்டார். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போயிற்று. அந்த மனிதர் எரிபடாமல் கிடக்கிறார் என்ற நினைப்பு அவரை ஒருநாளும் விட்டதில்லை. மழை பெய்தால்கூட, "அணை கரையுமோ மோனை?" என்று கேட்பார். நான் எரிச்சலில், "கரைஞ்சால் கடலுக்குத்தானே போவார், நல்லதுதானே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். இரண்டு கிழமை கதைக்கவில்லை.

ஊரை இராணுவம் துண்டு துண்டாகத்தான் விட்டது. பாதி ஊரை இரண்டாயிரத்துப் பதினெட்டில் விட்டார்கள். சின்னம்மாவின் காணியும் ரெயில் அணையும் இருந்த பக்கத்தில் ஒரு பகுதிதான் அப்போது கிடைத்தது. அணை முழுக்க உள்ளேதான் என்று நினைத்து நாங்கள் அப்போது போகவில்லை. அவருடைய வளவு கிடைத்தது இரண்டாயிரத்து இருபத்து நாலில், பங்குனி கழிந்து. அடையாளம் காட்ட வரச்சொல்லி அறிவித்தார்கள். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன்.

வீடு இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. சின்னம்மா அதையெல்லாம் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே அணை இருந்த பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அணையின் பெரும்பகுதியைப் புல்டோசர் தட்டிவிட்டிருந்தது, ஒரு துண்டு மட்டும் மேடாக மிஞ்சியிருந்தது. அந்த மேட்டில் ஒரு இளவேம்பு. வேம்பின் கீழ் தகரக் கொட்டில், சிவப்பு வெள்ளைக் கோடு அடித்த சின்னச் சுவர். உள்ளே எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்துப்போன சூலம் ஒன்று, கழுத்தில் வடைமாலை. அன்று வெள்ளிக்கிழமை. பத்துப் பதினைந்து பேர் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மா நின்றார். என் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் எனக்கு வலித்தது.

கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்து வாங்கோ என்றார். சீவரத்தினம் என்று பெயர், ஊரின் மறுகோடிக்காரர், சித்தப்பாவைப் பழக்கமில்லை, மேசன் வேலை, அறுபது வயதிருக்கும். ஊருக்கு முதலில் திரும்பி வந்த குடும்பங்களில் அவருடையது ஒன்று. மகிழ்ச்சியோடு சொன்னார்.

"அக்கா, உங்களுக்கு ஞாபகமிருக்குமே, எங்கடை பழைய வைரவர்? வந்து பாத்தால் ஒண்டும் இல்லை, முழுக்கப் பத்தை. வெட்டிக்கொண்டு வரேக்கை இஞ்சை சூலம் அப்பிடியே நிக்குது! இவ்வளவு நடந்தும் அசையேல்லைப் பாருங்கோ. சனம் அழுதிட்டுது. அண்டைக்குத்தான் எங்களுக்கு இஞ்சை இருக்கலாம் எண்டு ஒரு தைரியம் வந்தது."

பழைய வைரவர் இருந்த வேம்பு அங்கேயிருந்து கூப்பிடு தூரம் தள்ளி, இப்போது வீதி போட்டிருக்கிற இடத்தில் இருந்தது. ரெயில் இல்லை, வேலி இல்லை, எது எங்கே இருந்ததென்று யாருக்குத் தெரியும்? வேம்பையும் அதன் கீழே நட்டிருந்த இரும்பையும் கண்டால் எங்கள் சனம் வேறு என்ன நினைக்கும்? கூட்டத்தில் ஒரு பெண் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது இந்த வைரவராலே என்றாள். சின்னம்மாவின் கையில் ஒரு வாழையிலைத் துண்டும் பொங்கலும் வந்தது. வாங்கினார், சாப்பிடவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகும் அது கையிலேயே இருந்தது. புன்னாலைக்கட்டுவன் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"அது உன்ரை சித்தப்பா."

பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு அழுதார். என் வயதுக்கு நான் எத்தனையோ பேரின் அழுகையைக் கேட்டிருக்கிறேன், அதை என்னால் தாங்க முடியவில்லை. ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்கியது. நான் சொன்னேன், விடுங்கோ சின்னம்மா, வெள்ளிக்கு வெள்ளி விளக்கெரியுது, பொங்குகிறார்கள், எங்களால் செய்ய முடியாததை ஊரே செய்கிறது என்று. அவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது.

"விசர்க்கதை கதையாதை! விளக்கு வைரவருக்கு. அந்த மனுசனுக்கு என்ன கிடைச்சது? ஒரு பிடி நெருப்புக் கிடைச்சதே?"

"அப்ப போய்ச் சொல்லுங்கோ. இது சாமி இல்லை, பிரேதம் புதைச்ச இடம் எண்டு சொல்லுங்கோ. சனம் கோயிலை இடிச்சுப்போட்டு எங்கை போகும்?"

அந்தக் கேள்விதான் அவருக்கும் முள்ளாகக் குத்தியது. தீட்டும் துடக்கும் உள்ள இடத்தில் பொங்கி உண்டோம் என்று தெரிந்தால் அந்தச் சனம் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? ஒன்றுமில்லாத வெளியில் கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கிறவர்கள். அந்தச் சூலம் ஒன்றுதான் அவர்களுக்கு ஊர்.

இரண்டு மாதம் வெள்ளிதோறும் போய் வந்தோம். காணியைத் துப்புரவாக்குகிறோம் என்று பெயர். சீவரத்தினம் கூலி வாங்காமல் கிணறு தோண்டித் தந்தார், சின்னம்மாவுக்கு நிழலுக்கு ஒரு பந்தல் போட்டுக்கொடுத்தார். அந்த மனிதர் நல்லவராக இருந்தது காரியத்தை இன்னும் கடினமாக்கியது. சின்னம்மா கோயிலுக்குள் போகமாட்டார். கொட்டிலுக்கு வெளியே, அணைச் சரிவில் சித்தப்பாவின் கால்மாடு வரும் பக்கமாக உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வெற்றிலை போட இடம் பார்த்து இருக்கிறார் என்று நினைத்தார்கள்.

ஆனி மாதம் சீவரத்தினம் ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டிலிருக்கும் ஊரார் சேர்ந்து கோயிலைக் கல்லால் கட்டுகிறார்கள். அணை மேட்டை மட்டப்படுத்தி, கம்பி கட்டி, அடியிலிருந்து கொங்கிறீற் போடப்போகிறார்கள். அடுத்த கிழமை வேலை தொடக்கம். சின்னம்மா என்னைப் பார்த்தார். கொங்கிறீற் போட்டால் அதற்குப் பிறகு யாரும் எதையும் எடுக்க முடியாது.

அன்று பின்னேரம் சனம் கலைந்த பிறகு சீவரத்தினத்தைப் பந்தலுக்குக் கூப்பிட்டார். நான் போய் ஆட்டோவில் இருக்கப் பார்த்தேன். "நீயும் இரு" என்றார்.

"தம்பி, நான் ஒரு கதை சொல்லுறன். சொல்லி முடியுமட்டும் குறுக்கை கதையாதையும்."

முழுவதையும் சொன்னார். ஷெல், அணை, எமில்ராஜ், இரும்புப் பிடி, கொழுவி, ஒன்றையும் விடவில்லை. சிலுவைக்கென்று கட்டியதுதான் சூலமாக நிற்கிறது என்றும் சொன்னார். சீவரத்தினம் மண்ணைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார், அல்லது நம்பமாட்டார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அக்கா," என்றார் கடைசியில், "அவருக்கு இடது கால் முறிஞ்சு பொருந்தினதோ? முழங்காலுக்குக் கீழை, கோணலா?"

சின்னம்மா எழும்பிவிட்டார்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"இந்தக் கொட்டில் சுவருக்கு அத்திவாரம் வெட்டினது நான்தான். தனியத்தான் வெட்டினனான். மண் இளகிக் கிடக்கு, வேர்தான் எண்டு நினைச்சு இழுத்தன். பாத்தால் கால் எலும்பு."

அவருடைய குரல் தாழ்ந்தது.

"என்ன செய்யிறது அக்கா? அப்ப காணி விட்டு ஒரு மாசம்கூட இல்லை. எலும்பு எண்டு வாய் திறந்தால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், நாடா கட்டுவினம், ஊரைத் திரும்பப் பூட்டிப்போடுவினம். சனம் அண்டைக்கு முதல் நாள்தான் சூலத்தைக் கண்டு பொங்கினது. நானும் மனிசியுமா எல்லாத்தையும் ஒரு சாக்கு விரிச்சுப் பொறுக்கினம். ஒண்டும் விடேல்லை, மண்ணை அரிச்சு விரல் எலும்புகூட எடுத்தனாங்கள். அந்த நாளையிலை ஊர் முழுக்கப் பத்தை வெட்டி எரிக்கிறது. பட்டப்பகலிலை நாலு பக்கமும் புகை. என்ரை வளவுக்குள்ளை பனங்கட்டை அடுக்கி எரிச்சன். ஆரும் திரும்பிப் பாக்கேல்லை."

"எரிச்சனீரோ?"

"ஓம் அக்கா. சும்மா எரிக்கேல்லை. குளிச்சு, கொள்ளிக்குடம் உடைச்சு, முறையாத்தான். ஆரெண்டு தெரியாது, ஆனா ஆரோ பெத்த பிள்ளைதானே. பிறகு மஞ்சள் தண்ணி தெளிச்சு அந்த இடத்திலைதான் கொட்டில் போட்டன். வைரவர் சுடலையிலை திரியிற சாமி, கோவிக்கமாட்டார் எண்டு மனசுக்குச் சொன்னன்."

சின்னம்மா மெல்ல இருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்பே எரிந்து முடிந்த ஒருவருக்காக அவர் எங்கள் வீட்டில் மழையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் வைக்க வேண்டிய கொள்ளியை வேறொருவர் வைத்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் வந்தது பொறாமை.

"சாம்பல்?" என்று கேட்டார் சின்னம்மா.

"கீரிமலையிலை கரைச்சன்."

"என்ன பேர் சொன்னனீர்?"

சீவரத்தினம் காலடி மண்ணை விரலால் கீறினார்.

"குருக்கள் பேர் கேட்டார் அக்கா. தெரியாது எண்டு சொல்ல ஏலாது, சொன்னால் ஆயிரம் கேள்வி. என்ரை அப்பா நாகமுத்து. எல்லாரும் ஓடேக்கை அவர் மாட்டை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவர். அதுக்குப் பிறகு ஒரு தடயமும் இல்லை. எலும்பைக் கண்டவுடனை அப்பாதான் எண்டு நினைச்சுக் கத்தினன். காலைப் பாத்தாப் பிறகுதான் இல்லையெண்டு தெரிஞ்சுது. ஆனா குருக்கள் கேக்கேக்கை வாயிலை வந்தது அப்பாவின்ரை பேர்தான். அந்தியேட்டியும் அந்தப் பேரிலைதான். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கும் செய்துகொண்டு வாறன்."

"என்ரை மனுசனை ஆரின்ரையோ பேரிலை கடலிலை விட்டனீரோ?" சின்னம்மாவின் குரல் பந்தலைத் தாண்டிப் போயிற்று. "முப்பத்து நாலு வருஷம் நான் ஒரு சொட்டு எள்ளுத் தண்ணி விடேல்லை, தெரியுமே? அந்தப் பேரைச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான். என்ரை வாயாலை இல்லாட்டிலும் என்ரை பிள்ளை வாயாலை!"

"பிழைதான் அக்கா. நான் மாத்துறன். குருக்களிட்டைக் கேட்டு, இராசநாயகம் எண்டு சொல்லித் திரும்பச் செய்வம். வாற அமாவாசைக்கே செய்வம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனிதர் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். "எனக்குத்தான் அப்பா திரும்பவும் துலைஞ்சு போவார். அது என்ரை விதி."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். சின்னம்மா அவரைக் கூப்பிடவில்லை. வரும் வழியெல்லாம் என்னோடும் கதைக்கவில்லை, நான் ஆட்டோவை வீதிக் குழியில் விட்டு எடுத்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

கொங்கிறீற் போட்டார்கள். நாங்கள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இனி அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லையே. ஆனால் சின்னம்மா அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் போகவில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது. சீவரத்தினம் இரண்டு தரம் போன் எடுத்தார், சின்னம்மா என்னிடம் போனைத் திருப்பித் தந்தார். மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டும் பார்த்தேன். "அந்தாளிலை கோவமோ?" என்றேன். "நெருப்பு வைச்சவனிலை என்னெண்டு கோவிக்கிறது" என்றார். "அப்ப என்ன?" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள், வேட்டி தோய்த்து வை, நாளைக்குக் கீரிமலைக்குப் போகவேணும், அந்தத் தம்பியையும் வரச்சொல்லு என்றார். எனக்கு விளங்கியது, அல்லது விளங்கியது என்று நினைத்தேன். சின்னம்மா சொல்லிவைத்தபடி சித்தப்பாவின் பெயரை நான் சொல்லப்போகிறேன், சீவரத்தினம் பார்த்துக்கொண்டு நிற்பார். இரவல் பெயர் கழிந்து சொந்தப் பெயர் ஏறும். நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. விடியவே முழுகிவிட்டு வெளிக்கிட்டேன்.

கீரிமலையில் கால் வைக்க இடமில்லை. கடற்கரை நெடுக குருக்கள்மார், ஒவ்வொருவருக்கும் முன்னால் சனம் வரிசையாக. சீவரத்தினம் ஈர வேட்டியோடு தள்ளி நின்றார், எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. எங்கள் முறை வந்ததும் நான் முன்னால் போய் இருந்தேன். சின்னம்மா என் தோளைத் தொட்டார்.

"நீ கொஞ்சம் அரக்கு மோனை."

நான் இடம் விட்டு அரக்கி இருந்தேன். "தம்பி, இஞ்சை வாரும். இதிலை இரும்" என்றார். சீவரத்தினம் தயங்கித் தயங்கி வந்து என் பக்கத்தில் இருந்தார். குருக்கள் தர்ப்பையைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"தகப்பன்ரை பேர்?"

சீவரத்தினம் திரும்பிச் சின்னம்மாவைப் பார்த்தார். அறுபது வயது மனிதரின் முகம் அப்படி இருந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது.

"நாகமுத்து" என்றார் சின்னம்மா, எல்லோருக்கும் கேட்க. "முதல் அவரைச் சொல்லுங்கோ. பிறகு இராசநாயகம்."

குருக்கள் நிமிர்ந்தார். "இராசநாயகம் ஆர்? தகப்பன்ரை தகப்பனோ?"

"இல்லை ஐயா. அவரும் தகப்பன்தான். கொள்ளி வைச்சது இந்தப் பிள்ளை."

குருக்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை, விசாரிக்க நேரமில்லை. இரண்டு பெயரையும் சொல்லி மந்திரத்தைத் தொடங்கினார். சீவரத்தினத்தின் கையிலிருந்த எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கால் முன்னதாகவே ஒழுகப் பார்த்தது. நான் என் கையைக் கீழே கொடுத்து, சிந்தாமல் பிடித்துக்கொண்டேன்.